நான் ஏன் கையெழுத்து போடவில்லை: சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர் அண்ணனுக்கும், செயலாளர் தம்பிக்கும், செயற்குழுவில் இருக்கும் எல்லோருக்கும்,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை இரவு நம் வாட்ஸ்அப் குழுவில், தமிழ்ப்பள்ளிகளை மூடிவிடலாம் என்று நம் மண்டபத்தில் பேசிய ஒரு பையன் மேல் இரண்டு பக்கத்துக்கு ஒரு போலீஸ் புகார் வரைவு வந்தது. "பெயரும் அடையாள அட்டை எண்ணும் அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் ஒன்றாகப் பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) போகிறோம்" என்று கீழே ஒரு குறிப்பு. மறுநாள் காலைக்குள் நாற்பத்தொரு பேர் அனுப்பிவிட்டார்கள். "டீச்சர் இன்னும் பார்க்கவில்லை போல" என்று ஒருவர் எழுதியிருந்தார். பார்த்தேன். இரண்டு தடவை படித்தேன். அனுப்பப் போவதில்லை. குழுவில் எழுதினால் கட்டைவிரலும் கும்பிடும் பொம்மைகளுமாகப் பதில் வந்து விஷயம் அமுங்கிவிடும் என்பதால் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம், பழக்கதோஷம். புகார் மலாயில்தான் எழுத வேண்டும், தெரியும். ஆனால் அந்த இரண்டு பக்கத்தில் ஒன்பது எழுத்துப்பிழை. "தமிழ்ப்பள்ளியில் படித்தால் மலாய் சரியாக வராது" என்று அந்தப் பையன் சொன்னதற்கு எதிராகப் புகார் எழுதிவிட்டு, அவனுக்கு நாமே சாட்சி சேர்த்துக் கொடுக்கிறோம். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான். திருத்திய பிரதியைச் செயலாளர் தம்பிக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மையைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம். அவரும் என் வகுப்பில் படித்தவர்தான்.

பையன் என்றே எனக்கு வாயில் வருகிறது. முப்பதை நெருங்கும் ஆள், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். மூன்றாம் ஆண்டில் என் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன். இடது கைப் பழக்கம். 'ழ' எழுதும்போது நோட்டையே திருப்பி வைத்து எழுதுவான். போன மாதம் நம் மண்டபத்தில் நடந்த கலந்துரையாடலில் அவன் எழுந்து நின்று சொன்னதை நான் முழுக்கக் கேட்டேன். பதினெட்டு நிமிடம் பேசினான். உங்களில் பலர் பார்த்தது டிக்டாக்கில் சுற்றிய நாற்பது வினாடி.

"டீச்சர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்" என்று மார்க்கெட் தெருவில் யாரும் பேசிக்கொள்ள வேண்டாம் என்பதற்காக என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். அவன் சொன்னது தவறு. தமிழ்ப்பள்ளிகளை மூடிவிட்டு, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் போட்டு, அங்கே தமிழை ஒரு பாடமாக வைத்தால் போதும் என்றான். முப்பத்தொரு வருஷம் தமிழ்ப்பள்ளியில் சுண்ணாம்புக்கட்டித் தூளை மூச்சோடு இழுத்தவள் நான். 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கு வைத்து, 2016இல் இருநூறு ஆண்டு என்று நாடு முழுக்கக் கொண்டாடினோம். இன்று நாட்டில் ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகள், நம் மாநிலத்தில் மட்டும் இருபத்தெட்டு. அவை மூடப்படுவதை என் காலத்தில் பார்க்க நான் தயாராக இல்லை.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னால் ஏன் என்று புரியும். தோட்டத்திலிருந்து வந்த பெண்பிள்ளை. அதற்கு முன் ஓர் ஆண்டு பாலர் பள்ளியில் எல்லாமே மலாய். அந்த ஓர் ஆண்டும் வாயே திறக்கவில்லையாம். பேச்சு வராத பிள்ளையோ என்று தாயார் டாக்டரிடம்கூடக் காட்டியிருக்கிறார். முதலாம் ஆண்டில் என் வகுப்புக்கு வந்த மூன்றாம் நாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "டீச்சர், அந்த அணிலு வால யாரு கடிச்சா?" என்று கேட்டது. பாதி வால் அறுந்த அணில் ஒன்று நிஜமாகவே வேலிக் கம்பியில் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு ஆறு ஆண்டும் அந்தப் பிள்ளையின் வாயை மூட வைக்கத்தான் நாங்கள் பாடுபட்டோம். தமிழை வாரத்துக்கு மூன்று பாடவேளையாகச் சுருக்கினால் அந்த அணிலைப் பற்றி அது யாரிடம் கேட்டிருக்கும்? இதை அந்தப் பையன் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. அதைத்தான் உங்கள் புகார் கெடுக்கப் பார்க்கிறது.

அவன் பேசியதில் மற்றவற்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவனுடைய அண்ணன் தமிழ்ப்பள்ளி முடித்து, மலாய்த் தேர்ச்சி போதாமல், இடைநிலைப்பள்ளிக்கு முன் மலாய்க்காக வைக்கும் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டை விட்டான். அந்த வயதில் ஓர் ஆண்டு பின்தங்கினால் கூடப் படித்தவர்கள் எல்லாம் அண்ணன்மாராகிவிடுவார்கள். 150 பேருக்குள் படிக்கும் பள்ளிக்குக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அந்தப் பட்டியலில் நம் பள்ளிகள் ஏன் இத்தனை என்றும் கேட்டான். பிறகு கேட்டதுதான் பெரிய அடி. "இங்கே இருக்கிற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களில் எத்தனை பேர் உங்க பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினீங்க? கை தூக்குங்க."

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. நான் பாதிக் கை தூக்கினேன். என் மூத்தவள் தமிழ்ப்பள்ளி, இளையவள் மலாயில் நடக்கும் தேசியப் பள்ளி. வீட்டுக்குப் பக்கம், பஸ் பிரச்சினை, அவள் அப்பாவுக்கு வேலை நேரம் என்று அன்று ஏதேதோ காரணம் இருந்தது. முழுக் கை தூக்க எனக்கு யோக்கியதை இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தேன். யார் கை எங்கே இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன், அவரவருக்குத் தெரியும். இந்தப் புகாரை எழுத வைத்தது பள்ளியை மூடச் சொன்ன பேச்சா அல்லது இந்தக் கேள்வியா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கிறது. புகாரில் இந்தக் கேள்வியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதையும் கவனித்தேன்.

சரி, சட்டத்துக்கு வருவோம். வரைவில் இரண்டு சட்டத்தின் பெயர் இருக்கிறது. ஒன்று 1948ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம், மற்றது இணையத்தில் புண்படுத்தும்படி போடுவதைத் தண்டிக்கும் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு. முதலாவதை வெள்ளைக்காரன் தன் ஆட்சியை எதிர்த்துப் பேசுகிறவர்களை அடக்கக் கொண்டுவந்தான். அதில் குற்றம் நிரூபிக்கப்பட்டால் முதல் தடவைக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 233ஆவது பிரிவில் அபராதத்தின் உச்சவரம்பை 2025 பிப்ரவரியிலிருந்து ஐந்து லட்சம் வெள்ளியாக உயர்த்தியிருக்கிறார்கள், கூடவே இரண்டு ஆண்டு வரை சிறை. இந்தத் தொகையை எல்லாம் பார்த்துத்தான் நாற்பத்தொரு பேர் பெயர் கொடுத்தீர்களா?

எனக்கு அதைவிடப் பயம் தருவது தேச நிந்தனைச் சட்டத்தில் இருக்கும் ஒரு சின்ன வாக்கியம். பேசியவரின் நோக்கம் என்ன என்பது பொருட்டே இல்லை என்கிறது அது. பேச்சுக்கு ஒரு 'போக்கு' இருந்தால் போதும், இனங்களுக்கு இடையே கசப்பை வளர்க்கும் போக்கு என்று யாராவது காட்டினால் போதும். நாங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை மை கொட்டினால்கூட "வேணும்னு செஞ்சியா, தெரியாம செஞ்சியா" என்று கேட்டுவிட்டுத்தான் பிரம்பைத் தொடுவோம். இந்தச் சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சொன்னது உண்மையா என்றும் அது கேட்பதில்லை.

இந்தச் சட்டம் யாரையெல்லாம் பிடித்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் கர்ப்பால் சிங் 2009இல், பேராக் மாநிலத்தில் ஆட்சி கவிழ்ந்த சமயத்தில், சுல்தானின் முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்று சொன்னார். ஒரு வழக்கறிஞர் சொன்ன சட்டக் கருத்து அது. அதற்கு வழக்கு, விடுதலை, மறுபடி வழக்கு, 2014இல் 4,000 வெள்ளி அபராதம். அந்த ஆண்டு ஏப்ரலில் அவர் சாலை விபத்தில் போய்விட்டார். கூட்டரசு நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது 2019இல். தலைவர் அண்ணே, அவருடைய இறுதி ஊர்வலத்தில் வெயிலில் நின்று நீங்கள் அழுததை நான் பார்த்தேன். எந்தச் சட்டத்தைத் திட்டிக்கொண்டே அழுதீர்கள் என்பதும் என் காதில் விழுந்தது. அதே சட்டத்தின் பெயர் இப்போது உங்கள் கையெழுத்துக்கு மேலே இருக்கிறது.

2007 நவம்பர் 25, இந்தியர் உரிமைக்காக இண்ட்ராஃப் இயக்கம் கூட்டிய பேரணியை எடுத்துக்கொள்ளுங்கள். என் தம்பி இங்கிருந்து ராத்திரி பஸ்ஸில் கோலாலம்பூர் போனவன். பையில் உப்புப் பொட்டலமும் ஈரத்துண்டும் வைத்து அனுப்பினது நான். இரண்டு நாள் கழித்து வந்தான், கண் இரண்டும் கோவைப்பழம். அடுத்த மாதமே இண்ட்ராஃப் தலைவர்கள் ஐந்து பேரை, விசாரணையில்லாமல் அடைத்து வைக்கும் இசா சட்டத்தில் பிடித்துக் கமுந்திங் தடுப்பு முகாமில் வைத்தார்கள். இசா 2012இல் போய்விட்டது. ஆனால் அந்த ஐவரில் ஒருவரான உதயகுமார் பிரிட்டிஷ் பிரதமருக்கு எழுதிய கடிதத்துக்காக 2013இல் இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றது இதே தேச நிந்தனைச் சட்டத்தில்தான். அந்தக் கடிதத்தில் இருந்த சில வார்த்தைகள் மிகை என்று அன்றைக்கு நம்மில் பலரே சொன்னோம், நானும் சொன்னேன். அதற்காகச் சிறையா என்று கேட்டதும் நாம்தான். இந்த மண்டபத்திலேயே மெழுகுவர்த்தி ஏற்றினோம். தரையில் ஒட்டின மெழுகைச் சுரண்ட இரண்டு நாள் ஆனது என்று காவலாளி ஐயா இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

இன்னும் பின்னால் போனால் 1987 அக்டோபர், ஓப்பராசி லாலாங் என்ற கைது வேட்டை. நூறு பேருக்கு மேல் பிடித்தார்கள், மூன்று பத்திரிகைகளின் உரிமத்தை முடக்கினார்கள். அதற்கு முன் எதற்காக ஊர் கொதித்துக்கொண்டிருந்தது? சீனப்பள்ளி நிர்வாகப் பதவிகளுக்குச் சீனமொழிக் கல்வி இல்லாதவர்களை நியமித்ததற்காக. தாய்மொழிப் பள்ளிக்காக மேடையேறிப் பேசிய சீனக் கல்வியாளர்களையும் உள்ளே போட்டார்கள். நம்மவர்களில் வி. டேவிட், பி. பட்டு இருவரும் அப்போது பிடிபட்டார்கள். பள்ளியைப் பற்றிப் பேசினால் இனக் கசப்பு வளரும், ஆகவே வாயை மூடு என்பதுதான் அன்று சொன்ன காரணம். உங்கள் வரைவின் மூன்றாம் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள். அதே காரணத்தை ஒன்பது பிழையோடு எழுதியிருக்கிறோம்.

பொருளாளர் அண்ணன் போனில் கேட்டார்: "சரி டீச்சர், இவன் நம்ம பையன். வேற இனத்துக்காரன் தமிழ்ப்பள்ளியை மூடுன்னா சும்மா இருப்பீங்களா?" நியாயமான கேள்வி. சும்மா இருக்க மாட்டேன். ஆனால் அவர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள், மேடையில் மட்டும் இல்லை, நீதிமன்றத்துக்கே போய்ச் சொன்னார்கள். தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு விரோதமானவை என்று சில அமைப்புகள் வழக்குப் போட்டன. கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் அப்படி இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த அன்று குழுவில் லட்டுப் படம் போட்டது பொருளாளர் அண்ணன்தான். அந்த அமைப்புகளின் வாயை முன்கூட்டியே அடைத்திருந்தால் இந்தத் தீர்ப்பு நமக்கு வந்திருக்குமா? அவர்கள் வாதத்தை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள், நம் தரப்பு ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்தது. தேசிய மொழி மலாய், ஆனால் வேறு மொழியைக் கற்கவோ கற்பிக்கவோ யாரையும் தடுக்கக் கூடாது என்ற 152ஆவது பிரிவு அந்த நாட்களில்தான் நம் சாதாரண சனங்களின் வாயிலும் புழங்கியது. அதற்கு முன் எத்தனை பேருக்கு அது தெரியும்? எனக்கே பாதிதான் தெரியும்.

எனக்கு எல்லை கிடையாது என்று நினைக்க வேண்டாம். பள்ளிக் கேட்டை உடை, அந்த ஆளை அடி என்று அவன் சொல்லியிருந்தால் பாலாயில் முதல் ஆளாக நான் நின்றிருப்பேன், உங்களுக்காகக் காத்திருக்க மாட்டேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. ஒரு யோசனை சொன்னான், தவறான யோசனை.

ஒரு தடவை நானும் சறுக்கியிருக்கிறேன். 2019 ஆகஸ்டில் கோத்தா பாருவில் ஒரு சமயப் பேச்சாளர் மலேசிய இந்துக்களின் நாட்டுப்பற்றைச் சந்தேகித்துப் பேசினாரே, அப்போது நாடு முழுக்க நூற்றுக்கு மேல் போலீஸ் புகார் போனது. ஒரு மனுவில் என் பெயரும் இருந்தது. அந்தப் பேச்சு இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் அந்த வாரம் முழுக்க நாம் செய்தது புகார் எண்ணிக்கையைப் பெருமையாகப் பகிர்ந்ததுதான். அவர் சொன்னது ஏன் தவறு என்று, நான்கு தலைமுறையாக இந்த மண்ணில் பால்மரம் சீவியவர்களின் கதையை மலாயில் எழுதிப் பக்கத்து வீட்டு மக்சிக்கு (மலாய்க்கார அம்மாவுக்கு) படிக்கக் கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. மக்சி நல்லவர், கொடுத்தால் படித்திருப்பார். இப்போது வீடு மாறி அலோர் ஸ்டார் போய்விட்டார்.

அப்புறம், நம் மண்டபத்து மேடைக்கு இடது பக்கம் பிளாஸ்டிக் மாலையோடு ஒரு படம் தொங்குகிறது. பெரியார். 1929 டிசம்பரில் கப்பலில் வந்து பினாங்கில்தான் இறங்கினார். அவர் வரக் கூடாது, கோயிலையும் சாஸ்திரத்தையும் பழிக்கிற ஆளை உள்ளே விடக் கூடாது என்று எதிர்த்தவர்கள் வேறு யாருமில்லை, நம் ஆட்களில் ஒரு பகுதியினர்தான். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் குயின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிறவள், எனக்கு அவர் சொன்னதில் பாதி ஒத்துவராது. ஆனாலும் அவரை அன்று திருப்பி அனுப்பியிருந்தால் இந்தச் சங்கம் என்ன ஆகியிருக்கும், மேடையில் பெண்கள் பேச எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று அந்தப் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். (துடைப்பது நான்தான். இளைஞர் பகுதிக்கு அந்த வேலை ஒதுக்கி மூன்று வருஷம் ஆகிறது.)

மனதைக் கஷ்டப்படுத்திய விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். வரைவின் கடைசிப் பக்கத்தில், அவன் வேலை செய்யும் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்பலாம் என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. யார் எழுதியது என்று எனக்குக் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, சொல்ல மாட்டேன். மண்டபத்தில் பேசியதற்கு ஒருவன் சோற்றில் கை வைப்பதா? அவனுக்குப் போன வருஷம்தான் பிள்ளை பிறந்தது. பட்டர்வொர்த்தில் வீட்டுக் கடன் ஓடுகிறது. விசாரணை என்று கூப்பிட்டால் முதலில் போவது கைபேசி, அப்புறம் லீவு, அப்புறம் மேலதிகாரியின் முகம். வழக்கே வராமல் போனாலும் இதெல்லாம் வந்துவிடும். அவனைப் பார்த்து, அடுத்த கலந்துரையாடலில் எந்தப் பிள்ளை எழுந்து நிற்கும்? இப்போதே கூட்டத்துக்கு வருகிறவர்களின் சராசரி வயது என்னுடையதுதான்.

எஸ்பிளனேடில் 2010இல் 'பேச்சாளர் சதுக்கம்' என்று திறந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு ஞாயிறு சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ஒருவர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் நான்கு பேர், அதில் ஒன்று நாய். அந்தச் சதுக்கத்திலும் தேச நிந்தனைச் சட்டம் செல்லும் என்பது வேறு விஷயம். நம் மண்டபத்தில் அன்று நூற்றிருபது பேர் உட்கார்ந்து ஒரு பையனைப் பதினெட்டு நிமிடம் கேட்டார்கள். பாதிப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்கள், ஆனால் கேட்டார்கள். அது நம் சங்கத்துக்குப் பெருமை என்று அன்று இரவு வீட்டில் சொன்னேன். செவ்வாய்க்கிழமை வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நான் கேட்கப் போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புகாரைக் கைவிடுங்கள். அவனுக்கு மண்டபத்தில் தடை என்ற தீர்மானத்தையும், நிறுவனத்துக்குக் கடிதம் என்ற யோசனையையும் சேர்த்துக் கைவிடுங்கள். பதிலாக அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை மண்டபத்தை எனக்குக் கொடுங்கள், வாடகை 300 வெள்ளியை நானே கட்டுகிறேன். அவனிடம் பேசிவிட்டேன். வருகிறேன் என்றான். "டீச்சர், பிரம்பு கொண்டு வராதீங்க" என்றும் சொன்னான். அவனுக்கு இருபது நிமிடம், எனக்கு இருபது நிமிடம், பிறகு கேள்விகள். கை தூக்கும் கேள்வியை அவன் மறுபடி கேட்கட்டும், நான் பாதிக் கையோடு எழுந்து நின்று இளையவளைப் பற்றிச் சொல்கிறேன். அணில் கதையையும் சொல்வேன்.

கறிபாப்பும் தேநீரும் மகளிர் பகுதி பார்த்துக்கொள்ளும், கேட்டுவிட்டேன். மைக்கை மட்டும் முன்கூட்டியே சரிபார்த்து வையுங்கள். போன தடவை அவன் பேசும்போது நன்றாக இருந்தது, நான் பதில் சொல்ல வாங்கினதும் கீச்சென்று கத்த ஆரம்பித்துவிட்டது.

இப்படிக்கு,
உங்களில் பாதிப் பேருக்கு 'ழ' சொல்லிக் கொடுத்த டீச்சர்,
பினாங்கு